வட்டில்லாப் பணிநிலையத்தின் தொடக்க ஒழுங்கு

1. எடுத்துக்கொண்ட பொருள்

யூனிக்ஸ் இயக்கமுறைமையில் இயங்கும் கணிப்பொறி ஒன்று பிணையத்தில் இணைதற்கு முன் தன்னைப் பற்றிய செய்திகள் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். தன் பெயர் யாது, தன் முகவரி யாது, தான் எப்பிணையத்தைச் சேர்ந்தது, வெளிப்பிணையங்களுக்குச் செல்லும் வாயில் எது என்பன அவை. இச்செய்திகள் அதன் வட்டில் சிறு கோப்புகளாக எழுதப்பட்டிருக்கும். பொறி எழுங்கால் அக்கோப்புகளைப் படித்து, அவற்றின்படி தன் பிணைய அட்டையை அமைத்துக்கொள்ளும். இதில் வியத்தற்கு ஒன்றும் இல்லை.

வட்டே இல்லாத பணிநிலையத்தின் நிலை வேறு. அதன் கோப்புகள் யாவும் பிணையத்தின் மறுகோடியில் உள்ள வழங்கி என்னும் பொறியில் இருக்கின்றன. அவற்றைப் படிக்க வேண்டுமாயின் பிணைய அட்டை முன்னரே அமைந்திருத்தல் வேண்டும். அட்டையை அமைக்க வேண்டுமாயின் அக்கோப்புகளை முன்னரே படித்திருத்தல் வேண்டும். தருக்க நூலார் ஒன்றையொன்று பற்றுதல் எனக் குற்றம் கூறும் நிலை இதுவே. இச்சுழலினின்று பொறி எவ்வாறு வெளிவருகின்றது என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

விடையை முன்னரே சுருங்கக் கூறிவிடலாம். ஒரு பெரிய கருவி அச்சுழலை அறுக்கவில்லை. வினாக்களின் வரிசை ஒன்றே அதனை அறுத்தது. ஒவ்வொரு வினாவும் அதற்கு முந்திய விடை தந்த அறிவைக் கொண்டே கேட்கத்தக்கதாக அமைந்திருக்கிறது. அவ்வரிசையை அறிந்தவர்க்கு வட்டில்லாப் பொறி எளிது. அறியாதவர்க்கு அதன் ஒவ்வொரு பிழையும் புதிராகவே தோன்றும்.

2. அட்டையின் மூன்று பெயர்கள்

பிணைய அட்டைக்குப் பெயர்கள் மூன்று. அவற்றை வேறு பிரித்து உணராமையே இத்துறையில் புகுவார் இடர்ப்படுதற்குப் பெருங்காரணம் ஆகும்.

முதலாவது, வன்பொருள் முகவரி. ஈதர்நெட் என்னும் பிணைய முறை 1973ஆம் ஆண்டு சீராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் தோன்றியது. 1980இல் வெளிவந்த அதன் பொதுவரையறை, ஒவ்வோர் அட்டைக்கும் 48 பிட்டு நீளமுள்ள முகவரியை விதித்தது. அம்முகவரி ஆறு பைட்டுகளால் ஆனது. முன் மூன்று பைட்டுகள் அட்டையைச் செய்த நிறுவனத்தைக் குறிக்கும். பின் மூன்றை அந்நிறுவனமே அட்டைதோறும் வேறு வேறாக இடும். சான்றாக, 08:00:20 எனத் தொடங்கும் முகவரி சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திற்கு உரியது. இம்முகவரி பொறி பிறந்த குடியைக் கூறுமே அன்றி, அது வாழும் இடத்தைக் கூறாது. நம் இலக்கண நெறியில் கூறின், இஃது இடுகுறிப் பெயரை ஒத்தது.

இரண்டாவது, இயக்கமுறைமை தன் வசதிக்காக அட்டைக்கு இடும் பெயர். சன் பொறிகளில் 'எல்இ0' என வழங்கிய பெயர் இத்தகையது. முன் இரண்டெழுத்தும் அட்டையின் வகையைக் காட்டும். எண் அவ்வகையுள் அஃது எத்தனையாவது என்பதைக் காட்டும். எண்ணுதல் சுழியிலிருந்து தொடங்கும். இப்பெயர் அப்பொறிக்குள் மட்டுமே செல்லும். பிணையத்தில் உள்ள ஏனைய பொறிகள் இதனை அறியா.

மூன்றாவது, ஐபி முகவரி. 192.168.1.10 என்பது ஒரு சான்று. இதனோடு 255.255.255.0 என்னும் மறைப்பெண் சேர்ந்து வரும். நெட்மாஸ்க் என வழங்கும் அம்மறைப்பெண், முகவரியின் 32 பிட்டுகளுள் எத்துணைப் பகுதி பிணையத்தைக் குறிக்கும், எத்துணைப் பகுதி தனிப்பொறியைக் குறிக்கும் என வரையறுக்கும். மேலைச் சான்றில் முதல் 24 பிட்டுகள் பிணையத்திற்கும் இறுதி 8 பிட்டுகள் பொறிக்கும் உரியன. ஆகவே இம்முகவரி பொறி இருக்கும் இடம் காரணமாக வந்த பெயர். பொறி வேறு பிணையத்திற்குப் பெயர்ந்தால் இதுவும் மாறும். வன்பொருள் முகவரி மாறாது.

இம்மூன்றுள் வட்டில்லாப் பொறி பிறக்கும்போதே உடையது முதலாவது ஒன்றே. இரண்டாவது, உட்கரு இயங்கத் தொடங்கிய பின்னரே தோன்றும். மூன்றாவதைப் பிறர் தருதல் வேண்டும்.

3. வட்டுள்ள பொறியில் அமைப்பு முறை

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தார் 1983இல் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் பதிப்பில் 'இஃப்கான்ஃபிக்' என்னும் கட்டளை இடம்பெற்றது. 'இஃப்கான்ஃபிக் எல்இ0 192.168.1.10 நெட்மாஸ்க் 255.255.255.0 அப்' என ஒரு வரியில் எழுதினால், மேற்கூறிய இரண்டாம் பெயரும் மூன்றாம் பெயரும் பிணைக்கப்படும். இறுதியில் நிற்கும் 'அப்' என்னும் சொல் அட்டையை இயங்கச் செய்யும். அட்டை அமைத்தல் எனப்படுவது அடிப்படையில் இவ்வளவே. இக்கட்டளை பிஎஸ்டி வழிவந்த முறைமைகளில் இன்றும் வழங்குகிறது. லினக்ஸ் முறைமையில் 'ஐபி' என்னும் கட்டளை இதன் இடத்தைப் பெரும்பாலும் பெற்றுவிட்டது.

இச்சிறு வரியில் நேரும் பிழையும் பெருந்தீங்கு விளைக்கும். பிணையத்தில் உள்ளார் அனைவரையும் ஒருங்கே விளிக்கும் பொது முகவரி ஒன்று உண்டு. 4.2 பிஎஸ்டி அதன் பொறிப்பகுதியைச் சுழிகளால் நிரப்பியது. 1984இல் வந்த ஆர்எஃப்சி 919 என்னும் வரையறை, அப்பகுதியை ஒன்றுகளால் நிரப்புமாறு விதித்தது. 1986இல் வந்த 4.3 பிஎஸ்டி அதனை ஏற்றது. பழைய மரபும் புதிய மரபும் ஒரே கம்பியில் கலந்திருந்த இடங்களில், ஒருவர் எல்லோரையும் விளித்த விளி மற்றவர்க்கு அறியாத ஒருவரின் பெயராகத் தோன்றிற்று. அத்தகையாரைத் தேடும் வீண் பொதிகள் பிணையத்தை நிறைத்தன. பொதுவழைப்பையே தொடக்கமாகக் கொண்ட வட்டில்லாப் பொறிக்கு இவ்வேறுபாடு எத்துணை இன்றியமையாதது என்பது கீழே விளங்கும்.

4. வட்டை நீக்கியது ஏன்?

1980களின் தொடக்கத்தில் வட்டு விலை மிக்கது, ஓசை மிக்கது, வெப்பமும் தருவது. ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு வட்டை வைப்பதினும், ஒரு வழங்கியில் பெரிய வட்டை வைத்துப் பலர்க்கும் பகிர்ந்தளிப்பது சிக்கனமாயிற்று. அதனினும் பெரிய நன்மை பேணுதலில் இருந்தது. இயக்கமுறைமையை ஓரிடத்தில் திருத்தினால் எல்லாப் பொறிகளும் திருந்தின. ஓரிடத்தில் படியெடுத்தால் எல்லார் கோப்புகளும் காக்கப்பட்டன.

இம்முயற்சியின் களம் பெரும்பாலும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகமும் அதன் சூழலும் ஆகும். சன் என்னும் பெயரே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பிணையம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அந்நிறுவனம் 1982இல் தொடங்கப்பெற்றது. அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டேவிட் செரிட்டனும் வில்லி ஸ்வானபோலும் வட்டில்லாப் பணிநிலையங்களின் திறனை அளந்து 1983இல் கட்டுரை வெளியிட்டனர். அவர்களோடு எட்வர்ட் லசோவ்ஸ்காவும் ஜான் சஹோர்ஜனும் சேர்ந்து 1986இல் எழுதிய ஆய்வு, வட்டில்லாப் பொறிகள் பலவற்றுக்கு ஒரு வழங்கி நிறைவாகப் பணிபுரியக் கூடும் என முடிவு கூறிற்று. நொடிக்கு ஒரு கோடி பிட்டு செலுத்தும் பிணையத்தில், மென்பொருள் ஆக்கும் பணியில் ஈடுபட்ட 100 நிலையங்கள் இருப்பினும் பிணைய நெருக்கடி தடையாகாது என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று.

5. வினாக்களின் வரிசை

மின்விசையை இட்டவுடன், பொறியின் பலகையில் அழியாது பதிந்துள்ள சிறுநிரல் ஒன்று இயங்கும். அதற்குத் தெரிந்தது வன்பொருள் முகவரி மட்டுமே. யாரிடம் கேட்பது என்பதும் அதற்குத் தெரியாது. ஆகவே அது செய்யத்தக்கது ஒன்றே: கம்பியில் உள்ளார் அனைவரையும் நோக்கிப் பொதுவழைப்பு விடுத்தல்.

முதல் வினா, "இவ்வன்பொருள் முகவரியை உடையேன், என் ஐபி முகவரி யாது?" என்பது. 1982இல் டேவிட் பிளம்மர் வகுத்த ஆர்ப் நெறிமுறை, ஐபி முகவரியைக் கூறி வன்பொருள் முகவரியைக் கேட்பது. அதனைத் தலைகீழாக்கியது 1984 ஜூனில் ஸ்டான்போர்டில் வகுக்கப்பெற்ற ரார்ப் நெறிமுறை. அதன் வரையறை ஆர்எஃப்சி 903 ஆகும். விடை கூறும் வழங்கி இரண்டு அட்டவணைகளைப் பார்க்கும். 'ஈதர்ஸ்' என்னும் கோப்பில் வன்பொருள் முகவரிக்கு நேரே பொறியின் பெயர் இருக்கும். 'ஹோஸ்ட்ஸ்' என்னும் கோப்பில் அப்பெயர்க்கு நேரே ஐபி முகவரி இருக்கும். இவ்விரண்டும் ஒத்திருந்தாலன்றி விடை பிறவாது.

இரண்டாம் வினா, "நான் இயங்குதற்குரிய நிரலைத் தருக" என்பது. இப்பொழுது பொறிக்கு முகவரி உண்டு. தன்னிடம் விடை கூறிய வழங்கியையும் அறியும். ஆனால் வேண்டும் கோப்பின் பெயரை அறியாது. சன் பொறிகள் இதற்குக் கண்ட வழி நயமானது: தன் முகவரியையே கோப்பின் பெயராக்கிக் கேட்டன. 192.168.1.10 என்பதைப் பதினாறன் அடிமான எண்முறையில் எழுதினால் சி0ஏ8010ஏ ஆகும். அப்பெயருள்ள கோப்பு வழங்கியில் காத்திருக்கும். கோப்பைக் கொணர்வது டிஎஃப்டிபி என்னும் எளிய நெறிமுறை. அது கோப்பை 512 பைட்டுத் துண்டுகளாக்கி அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் பெற்றேன் என்னும் விடை வந்த பின்னரே அடுத்ததை அனுப்பும். 512க்குக் குறைந்த துண்டு வந்தால் கோப்பு முடிந்தது என்பது பொருள். கோப்பின் அளவு 512இன் நேர் மடங்காயின், முடிவை அறிவித்தற்பொருட்டு வெறுந்துண்டு ஒன்று இறுதியில் வரும்.

மூன்றாம் வினாவை அவ்வாறு வந்த நிரல் கேட்கும். அவ்வினாவிற்கு நெறிமுறை வகுத்தோர் இட்ட பெயரே 'நான் யார்' என்னும் பொருள்படும் 'ஹூ ஆம் ஐ' என்பது. 'பூட்பாராம்ஸ்' என்னும் கோப்பைப் பார்த்து வழங்கி விடை தரும். பொறியின் பெயரும் வாயிலின் முகவரியும் அவ்விடையில் கிட்டும். அடுத்து, வேர்க் கோப்பகம் எவ்வழங்கியில் எவ்விடத்தில் உள்ளது, நினைவகம் நிரம்பின் மிகுதியை எழுதுதற்குரிய இடமாற்றுப் பகுதி யாண்டுள்ளது என்பனவற்றையும் கேட்டறியும்.

நான்காவது, என்எஃப்எஸ் நெறிமுறையின் வழி அவ்வேர்க் கோப்பகத்தைத் தன்னுடையதாகப் பொருத்திக்கொள்ளுதல். உட்கருவும் அதன்வழியே படிக்கப்படும். சன் நிறுவனத்தின் இயக்கமுறைமையில் முன்னர் இதற்கெனத் தனியொரு நெறிமுறை இருந்தது. 1988இல் வந்த நான்காம் பதிப்பு முதல் என்எஃப்எஸ் அதன் பணியையும் ஏற்றது. இந்நிலையை அடைந்த பின் வட்டில்லாப் பொறிக்கும் வட்டுள்ள பொறிக்கும் பயன்படுத்துவார் காணத்தக்க வேறுபாடு சிறிதே.

இவ்வரிசையை ஊன்றி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். வட்டுள்ள பொறியில் அட்டை அமைத்தல், பொறி எழுந்தபின் நிகழும் செயல்களுள் ஒன்று. வட்டில்லாப் பொறியில் அட்டை அமைத்தலே பொறி எழுதல் ஆகும்.

6. பிற்கால வளர்ச்சி

ரார்ப் முறையில் இரண்டு குறைகள் இருந்தன. அது முகவரி ஒன்றையே தந்தது. வழிச்செலுத்திகளைக் கடந்து செல்லாமையின் கம்பிதோறும் ஒரு வழங்கி வேண்டியதாயிற்று. 1985 செப்டம்பரில் பில் கிராஃப்டும் ஜான் கில்மோரும் வகுத்த பூட்பி நெறிமுறை, முகவரியோடு வழங்கியின் முகவரியையும் தொடக்கக் கோப்பின் பெயரையும் ஒரே விடையில் தந்தது. இடைநின்று கொண்டு கொடுப்பார் வழியே வேற்றுப் பிணையத்திற்கும் சென்றது. அதன் வளர்ச்சியே 1993இல் தோன்றி 1997இல் ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 2131இல் நிலைபெற்ற டிஎச்சிபி.

நன்னூலார் வினாவை ஆறு வகையாக்கினார். அவற்றுள் அறியாவினாவும் கொளல்வினாவும் ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கன. ரார்ப் கேட்பது அறியாவினா. முன்னரே தனக்குரியதாக எழுதப்பட்ட முகவரியை அறிந்துகொள்ள அது கேட்கிறது. டிஎச்சிபி கேட்பது கொளல்வினாவை ஒத்தது. இருப்பிலுள்ள முகவரியைக் குறித்த காலத்திற்குக் குத்தகையாகப் பெற அது கேட்கிறது. அதனால் உரையாடலும் நான்கு கூற்றுகளாக விரிந்தது: பொறி நாடுகிறது, வழங்கி தர முன்வருகிறது, பொறி இன்னதை வேண்டுகிறேன் என்கிறது, வழங்கி தந்தேன் என உறுதி கூறுகிறது. மூன்றாம் கூற்றும் பொதுவழைப்பாகவே செல்லும். தம் கொடை ஏற்கப்படவில்லை என்பதைப் பிற வழங்கிகள் அதனால் அறியும்.

இன்டெல் நிறுவனம் வகுத்த பிஎக்ஸ்இ என்னும் முறை, 1999இல் வந்த அதன் 2.1ஆம் பதிப்பு முதல் பரவலாக வழங்குகிறது. டிஎச்சிபியும் டிஎஃப்டிபியும் அதன் இரு கால்கள். வட்டின் விலை வீழ்ந்தபின் வட்டில்லாப் பணிநிலையம் அருகியபோதிலும், கற்கும் கூடங்களிலும் பெருங்கணிப்பு நிலையங்களிலும் பிணைய வழித் தொடக்கம் மறையவில்லை.

7. பிழை நேரும் இடங்கள்

வரிசை தெரிந்தால், பொறி எவ்விடத்தில் நின்றது என்பதே பிழை எங்குள்ளது என்பதைக் காட்டிவிடும். முகவரி கிட்டவில்லையாயின் வழங்கியின் அட்டவணையை நோக்குக. முகவரி கிட்டிக் கோப்பு வரவில்லையாயின் டிஎஃப்டிபி அடைவையும் கோப்பின் பெயரையும் நோக்குக. உட்கரு இயங்கியும் வேர்க் கோப்பகம் பொருந்தவில்லையாயின் 'எக்ஸ்போர்ட்ஸ்' கோப்பில் இசைவு தரப்பட்டுள்ளதா என நோக்குக.

இவற்றினும் நுட்பமான பிழைகள் மூன்று உள. முதலாவது, உட்கரு ஊமையாதல். தொடக்கச் சிறுநிரல் அட்டையோடு பேசும் திறத்தைத் தன்னகத்தே உடையது. அது கொணர்ந்த உட்கருவோ அத்திறத்தைத் தானும் பெற்றிருத்தல் வேண்டும். சிறுநிரலிடமிருந்து வாங்கிக்கொள்ள இயலாது. அவ்வட்டைக்குரிய இயக்கி உட்கருவிலோ அதனுடன் வந்த தொடக்கத் தொகுப்பிலோ இல்லையாயின், பிணையம் வழியே வந்த உட்கரு பிணையத்தையே காணமாட்டாது நின்றுவிடும். இயக்கி இருப்பினும், லினக்ஸில் பொதுவாக, உட்கருவின் பக்கத்திலிருந்து முகவரி மீண்டும் ஒருமுறை கேட்கப்படுகிறது. கேட்டதையே மீளக் கேட்டல் வீண் அன்று, கேட்பவர் வேறு.

இரண்டாவது, இருந்த கிளையை வெட்டுதல். எழுந்து இயங்கும் வட்டில்லாப் பொறியில், முகவரியை மாற்றும் எண்ணத்தோடு அட்டையை ஒருகணம் நிறுத்தினால், மீண்டும் இயக்குதற்குரிய கட்டளையைக் கொணரும் வழியும் உடன் அடைபடும். வட்டுள்ள பொறிக்கு எழுதிய தொடக்கக் குறிப்புகளை மாற்றாது படியெடுத்து வட்டில்லாப் பொறிக்கு இடுவார் இப்பிழையில் வீழ்வர். அமைந்த அட்டையை அமைந்தவாறே விடுக என அப்பொறிக்குத் தனியே கூறுதல் வேண்டும்.

மூன்றாவது, பெயர் மயக்கம். அட்டை இரண்டு உள்ள பொறியில், கண்டறிந்த வரிசைப்படி ஈத்0, ஈத்1 எனப் பெயரிட்டால், ஒருநாள் முன்னது பின்னதாகலாம். 2013 முதல் லினக்ஸ் முறைமைகள் பல, அட்டை செருகப்பட்ட இடத்தைக் கொண்டு பெயரிடும் வழக்கத்தை மேற்கொண்டன. வரிசைப்பெயர் இடப்பெயராயிற்று.

நிலையானது எனக் கருதிய முதற்பெயரும் மறைதல் உண்டு. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் பணிநிலையங்களில் வன்பொருள் முகவரி, சிறு மின்கலத்தின் துணையால் நிலைபெறும் நினைவகச் சில்லில் இருந்தது. ஆண்டுகள் சில கடந்து மின்கலம் ஓய்ந்தபோது முகவரி அழிந்தது. அத்தகைய பொறிகள் பல 48 பிட்டுகளும் ஒன்றுகளாய் நிறைந்த எண்ணைத் தம் முகவரியாகக் காட்டின. அவ்வெண் பொதுவழைப்பிற்கு உரியது. தன் பெயரை இழந்த பொறி எல்லோர் பெயரையும் தன் பெயராகக் கூறிற்று எனலாம். அதற்கு விடை கூறுவார் யார்?

8. நம்பிக்கையும் பொறுப்பும்

இதுகாறும் கூறிய வினாக்களில் ஒன்றேனும், விடை கூறுவோர் உரியவர்தாமா எனச் சோதிக்கவில்லை. முதலில் வந்த விடையைப் பொறி நம்புகிறது. டிஎஃப்டிபியில் கடவுச்சொல் இல்லை. அதே கம்பியில் உள்ள வேறொருவர் முந்திக்கொண்டு விடை கூறினால், அவர் தரும் நிரலைப் பொறி இயக்கும். மறுபுறம், வழங்கியும் ஒரு நம்பிக்கையை மேற்கொள்ளல் வேண்டும். பொதுவாக என்எஃப்எஸ் வழங்கிகள் பிற பொறியின் தலைமைப் பயனரைத் தம் தலைமைப் பயனராக ஏற்பதில்லை. வட்டில்லாப் பொறிக்கு அதன் வேர்க் கோப்பகத்தைப் பொறுத்தவரை இவ்விதியைத் தளர்த்த நேர்கிறது. தளர்த்திய இடத்தில், அப்பொறியின் முகவரியைப் புனைந்து வருவார்க்கும் வாயில் திறந்துவிடும். ஆதலின் இம்முறை, வெளியார் புகாத தனிப்பிணையத்திற்கே ஏற்றது. எளிதில் கிட்டுகிறது என்பதால் பொதுப்பிணையத்தில் விரித்தல் தகாது.

இச்செய்தி பொறியாளர்க்கு மட்டும் உரியதன்று. சுவடிப் படிமங்களையும் சொல்லடைவுகளையும் ஆண்டுக்கணக்கில் திரட்டும் ஆய்வாளர், தாம் எழுதுவது தம் முன்னுள்ள பொறியில் நிற்கிறதா, வேறிடத்தில் உள்ள வழங்கியில் நிற்கிறதா என்பதை அறிந்திருத்தல் வேண்டும். வட்டில்லாப் பொறி பழுதானால் அவர் இழப்பது ஒன்றும் இல்லை. அடுத்த இருக்கையில் அமர்ந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வழங்கி அழிந்தாலோ, கூடம் முழுவதன் உழைப்பும் ஒருங்கே அழியும். பிரிந்து கிடந்த இழப்பு ஓரிடத்தில் திரண்டது என்பதே இம்முறையின் விலை. வழங்கியின் படி வேறொரு கட்டடத்தில் உள்ளதா எனக் கேட்பது ஆய்வாளரின் உரிமையும் கடமையும் ஆகும்.

9. முடிவுரை

என்எஃப்எஸ் நெறிமுறையின் இரண்டாம் மூன்றாம் பதிப்புகளில், யார் எக்கோப்பைத் திறந்துள்ளார் என்னும் நினைவை வழங்கி வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு வேண்டுகோளும் தனக்கு வேண்டிய செய்தி முழுவதையும் தானே உடையதாய் வரும். இதனால் ஒரு நன்மை விளைந்தது. வழங்கி இடையில் வீழ்ந்தால், வட்டில்லாப் பொறியின் திரையில் வழங்கி விடை தரவில்லை, இன்னும் முயல்கிறேன் என்னும் பொருள்பட ஒரு வரி தோன்றும். பொறி கேட்டதையே கேட்டு நிற்கும். வழங்கி எழுந்து விடை தந்ததும், வழங்கி நலம் என்னும் பொருள்பட மற்றொரு வரி தோன்றும். நின்ற பணி நின்ற இடத்திலிருந்தே தொடரும்.

சுருங்கக் கூறின், வட்டில்லாப் பணிநிலையம் தன் முதற்பெயர் ஒன்றைத் தவிர வேறு உடைமை இன்றி எழுகிறது. எல்லோரையும் விளித்துத் தன் முகவரியையும், ஒருவரைக் கேட்டுத் தன் நிரலையும், பின்னர்த் தன் பெயரையும், அதன்பின் தன் கோப்புகளையும் பெறுகிறது. வினாக்களின் முறை பிறழ்ந்தால் அது எழாது. ஆதலின் இதனை அமைக்கப் புகுவார், கட்டளைகளை மனப்பாடம் செய்தலினும், எவ்வினா எவ்விடைக்குப் பின் வருதல் வேண்டும் என்பதைத் தெளிதலே முதற்கண் செய்யத்தக்கது.